எட்டாம் பாகத்தில் ஒரு மூச்சு

தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்த கடிதத்தை டீச்சர் கொயர் முழுவதற்கும் சத்தமாக வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது இரண்டு வார்த்தைகளை மட்டும் விழுங்கிவிட்டாள். 'ஆலயப் பாடலின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லும் எங்கள் எட்டு பாகத் தொடரின் நிறைவில், சாதாரண, பயிற்சியற்ற பாடகர் குழு ஒன்றைக் காட்ட விரும்புகிறோம்' என்று கடிதத்தில் இருந்தது. கொயரின் காதில் விழுந்ததோ, '...தொடரின் நிறைவில் பாடகர் குழு ஒன்றைக் காட்ட விரும்புகிறோம்.' இருபத்திரண்டு வருடமாக ஒரு குழுவைக் கட்டி மேய்ப்பவளுக்கு அந்த அளவு உரிமை கூடவா இல்லை?

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அங்கே அவள் 'மேடம்'. வியாழக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் ஆலயத்தில், பதினேழு பேருக்கு முன்னால் நின்று கையை உயர்த்தும்போது மட்டும் 'டீச்சர்'. இரண்டில் எது தன் நிஜப் பெயர் என்று கேட்டால் அவள் யோசிக்கவே மாட்டாள்.

"முதல் பாகத்துல துறவிங்க ஒரே குரல்ல பாடுவாங்களாம்," என்று அவள் கடிதத்தோடு வந்த பட்டியலைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டாவதுல குரல் பிரியும். அப்புறம் நாலு குரலாகும். அப்புறம் அரண்மனை, பெரிய பெரிய ஆர்கன், நூறு பேர் பாடுற கொயர். எட்டாவதுல, ஆறு நிமிஷம், நாம."

"இரண்டாயிரம் வருஷம் ஏறி ஏறி வந்து, கடைசியில நம்மகிட்டதான் முடியுதா அண்ணி?" என்றாள் நாத்தனார். பெண்களில் உச்சக் குரலான சொப்ரானோ வரிசையில் முதல் ஆள் அவள்; வாயிலும் முதல் ஆள்.

"மேல் மாடி வந்தாச்சு. கதவு திறக்கும்," என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் குரல் நாத்தனாரின் அண்ணன், அதாவது டீச்சரின் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஆறடிக்கு மேல் உயரம். கொயரில் பாஸ், அதாவது ஆண் குரல்களில் அடியிலே போகிற குரல். பாதி வாழ்க்கை லிஃப்ட் குழிகளில் கழிந்ததால் அந்தக் குரல் வந்ததா, அந்தக் குரலுக்கு ஏற்ற வேலையை அவர் தேடிக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது. கொயர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கீழ்த்தளம்'. அவருடைய மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில் ஒரு கிரீஸ் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகக் குடியிருந்தது. டீச்சர் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அதையும் அவர் முகத்தில் ஒரு உறுப்பாக எண்ணி விட்டுவிட்டாள்.

கடிதம் வந்த மறுநாளே டீச்சர் ஒரு குச்சி வாங்கினாள். அதுவரை அவள் கொயரை நடத்தியது ஒரு பென்சிலால். இருமல் மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. புதிய குச்சியோ வெள்ளை வெளேரென்று, மரப்பிடியோடு, நீலத் துணி விரித்த நீளப் பெட்டிக்குள் இளவரசன் மாதிரிப் படுத்திருந்தது. தினமும் காலையில் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் அதை வீசிப் பழகினாள்.

"எப்படிங்க இருக்கு?"

கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கு. ஒரு ஈ கிட்ட வராது."

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க."

"பாட்டோட மூணாவது அடியில கொஞ்சம் அவசரப்படுற. எப்பவும் அந்த இடத்துல கையை மேல வச்சு ஒரு நொடி நிப்பாட்டுவியே, அது போச்சு."

"குச்சியோட கனம் பழகணும்ல? நீங்க நகத்த வெட்டுங்க."

அவருக்கும் தொலைக்காட்சி ஆசை இல்லாமல் இல்லை. அவர் பராமரிப்பில் நாற்பத்துமூன்று லிஃப்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும், கடைசியாகப் பரிசோதித்த தேதி எழுதிய அட்டைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தாளை ஒட்டிவிட்டு வந்திருந்தார். 'இந்த லிஃப்டைப் பராமரிப்பவர் தொலைக்காட்சியில் பாடுகிறார். தேதி பின்னர் அறிவிக்கப்படும்.' ஏழு மாடி ஏறுகிறவன் வேறு எதைப் படிப்பான்? பாதி நகரத்துக்குச் செய்தி போய்விட்டது. பல் டாக்டர் ஒருவர் தன் கட்டடத்து லிஃப்டில் அவரைக் கைகுலுக்கி வாழ்த்தியதை அவர் வீட்டில் மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் டாக்டர் இரண்டு கையாலும் குலுக்கினார்.

படப்பிடிப்பு ஒரு சனிக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு ஆலய வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. கம்பி கம்பியாக இறங்கியது. விளக்குகள் இறங்கின. கடைசியாக, தொடரைத் தொகுத்து வழங்குபவர் இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது; அவர் கழுத்திலோ கம்பளி மப்ளர் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஏழு பாகத்திலும் அதே மப்ளரோடு மடங்களிலும் அரண்மனைகளிலும் நடந்துவிட்டாராம். எட்டாவதில் கழற்றினால் பார்க்கிறவர்கள் வேறு ஆள் என்று நினைத்துவிடுவார்களாம். ஐந்தே நிமிடத்தில் நாத்தனார் அவருக்கு 'மப்ளர்' என்று பெயர் சூட்டினாள். பத்தாவது நிமிடத்தில் கொயர் முழுக்க அதுவே பெயர்.

மப்ளர் வண்ணக்கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நின்று கேமராவைப் பார்த்தார். "காலம் என்னும் பெருங்கடலின் கரையில், மௌனம் தன் முதற்சொல்லைத் தேடியபோது..." என்று தொடங்கினார். பெருங்கடலில் ஒரு தரம் வண்டி ஹாரன் அடித்தது. ஒரு தரம் அவருக்கே அடுத்த வரி மறந்தது. ஏழாவது தரத்தில்தான் மௌனம் தன் சொல்லைக் கண்டுபிடித்தது. பிறகு அவர் கொயரை நேர்காணல் செய்ய வந்தார். ஆண்களில் மேல் குரலான டெனர் வரிசையில் நின்ற முடிதிருத்துபவரின் தோளில் கைபோட்டு, "சொல்லுங்கள். உங்கள் பாடலில் ஆன்மாவின் தாகம் எந்த இடத்தில் தொடங்குகிறது?" என்று கேட்டார்.

முடிதிருத்துபவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டாவது பக்கத்துல சார்."

இயக்குநர் ஒரு பெண். பாவம், நல்லவள், ராத்தூக்கம் இல்லாத கண். பாட்டு நான்கு அடிப் பாட்டு, அடிக்கு நாலு வரி. வாத்தியம் எதுவும் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றாள். ஒரு முறை சும்மா பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். டீச்சர் குச்சியை உயர்த்தினாள், கொயர் பாடியது. அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஓரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர், காதை மூடிய பெரிய ஹெட்ஃபோனோடு, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், இயக்குநரைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை அவள் காதில் வைத்தார். அவள் முகம் சுருங்கியது. மப்ளரும் வாங்கிக் கேட்டார். அவர் முகம் அதற்கு மேல் சுருங்கியது.

பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்த பின்னறைக்கு இயக்குநர் டீச்சரைத் தனியாக அழைத்துப் போனாள்.

"மேடம், பின் வரிசைல இடமிருந்து மூணாவதா ஒருத்தர் நிக்கிறாரே, நல்ல உயரமா..."

"ஆமா."

"ஒவ்வொரு வரி தொடங்குறதுக்கு முன்னாடியும் ஒரு சத்தம் வருது. பஸ் கதவு திறக்குற மாதிரி. என்னன்னு பார்த்தா, அவர் மூச்சு இழுக்குறாரு. போதாததுக்குச் சுருதியும் ஒரு இழை கீழ."

டீச்சர் திகைத்தாள். அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. முப்பது வருடமாக ஒரே தலையணை ஓரத்தில் கேட்கிற சத்தம், வீட்டு ஃபிரிட்ஜின் சத்தம் மாதிரி. நின்றால்தான் காதில் விழும்.

"அவர் நிக்கட்டும் மேடம். கேமராவுல கம்பீரமா இருக்காரு. பாட மட்டும் வேண்டாம், வாயை அசைச்சாப் போதும். நீங்க சொன்னாக் கேப்பாரா?"

"கேப்பாரு. என் வீட்டுக்காரர்."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, தெரியாமச் சொல்லிட்டேன்..." என்று அவள் தடுமாற, கதவோரம் நின்ற மப்ளர் உள்ளே வந்தார்.

"அம்மா, கலை என்பதே களைதல்தான். வேண்டாததை நீக்கினால் மிஞ்சுவதே இசை."

வேண்டாதது. டீச்சர் அந்த வார்த்தையை அப்போதே அவர் மப்ளரிலேயே கட்டி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. கையிலிருந்த வெள்ளைக் குச்சியைப் பார்த்தாள். ஆறு நிமிடம். இருபத்திரண்டு வருடத்துக்கு ஆறு நிமிடம்.

"நான் சொல்லிக்கிறேன்," என்றாள்.

லிஃப்ட்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, கோளாறான மோட்டாரைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ரொம்ப சத்தமாவா இருக்கு?"

"பஸ் கதவு மாதிரியாம்."

"பஸ்ஸா? லிஃப்ட் கதவுன்னு சொல்லியிருந்தாலாவது மரியாதை." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், அவளுடையது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "வாயை அசைக்கணும், அவ்வளவுதானே? மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

"சரி."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பாடாதவனுக்குப் புத்தகம் எதற்கு, புத்தகம் பார்க்காதவனுக்குக் கண்ணாடி எதற்கு? ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். அவரோ எழுந்து போகிற போக்கில், அடுத்த வாரத்து வேலையைச் சொல்வது மாதிரி, "நாப்பத்துமூணு லிஃப்ட்லயும் 'பாடுகிறார்'னு எழுதி ஒட்டியிருக்கேன். 'நிற்கிறார்'னு திருத்தணும்," என்றார்.

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓடியது. டீச்சர் குச்சியை உயர்த்தி, கண்ணாடி முன்னால் பழகிய அதே அழகோடு இறக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நொடி கழித்து நாத்தனார் தொடங்கினாள். அவளைத் துரத்திக்கொண்டு, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் இருவர். டெனர்கள் ஆளுக்கொரு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். முதல் வரி முடியும்போது முன் வரிசை இரண்டாம் வரியிலும் நடு வரிசை முதல் வரியிலும் இருந்தது.

"பதற்றம்தான். பரவால்ல, இன்னொரு தடவை," என்றாள் இயக்குநர்.

இரண்டாவது தடவை முதல் வரியை எப்படியோ ஒன்றாகப் பிடித்தார்கள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் உருண்டார்கள். மூன்றாவது தடவை பதினாறு பேரும் பதினாறு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மப்ளர் முன்னால் வந்து, மேடைப் பயத்தை மாபெரும் பாடகர்கள் எப்படி வென்றார்கள் என்று ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். அதற்குப் பிறகு எடுத்த நான்காவது தடவை, முதல் மூன்றையும் நல்லதாக்கியது.

டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. "என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? வியாழக்கிழமை தேன் மாதிரிப் பாடினீங்களே!"

"எப்ப ஆரம்பிக்கிறதுன்னே தெரியல அண்ணி," என்று நாத்தனார் வெடித்தாள்.

"கையைப் பாரு!"

"கையா? கையை யாரு பாக்குறா?"

ஆலயத்துக்குள் ஒரு அமைதி விழுந்தது. மப்ளர் தேடிய மௌனம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் புத்தகத்துக்குள் போய் ஒளிந்தது. கடைசியில் முடிதிருத்துபவர்தான் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க கை அழகுதான். குறையே சொல்ல முடியாது. ஆனா அண்ணன் மூச்சு இழுப்பாருல்ல, அதக் கேட்டாத்தான் நாங்க... அதுதான் எங்களுக்கு... அது இப்ப வரல."

"எல்லாருக்குமா?"

பதினாறு தலைகள் ஆடின. லிஃப்ட்காரர் பாட்டை நிறுத்தியதிலிருந்து அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

"எப்பலேருந்து?"

"எப்பவுமேதான் டீச்சர்."

டீச்சர் குச்சியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம். வியாழன் தவறாமல், ஞாயிறு தவறாமல், காய்ச்சலில்கூடத் தவறாமல். "அப்ப நான் இத்தனை வருஷமா இங்க நின்னு ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்?" என்றாள். சிரிப்பாகச் சொல்லப் பார்த்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை.

"நான் பாத்தேனே," என்றார் பின் வரிசையிலிருந்து லிஃப்ட்காரர்.

அவள் திரும்பினாள்.

"இவங்க புஸ்தகத்தப் பாப்பாங்க. நான் உன் கையத்தான் பாப்பேன். நீ தூக்கினா நான் மூச்ச இழுப்பேன். மூணாவது அடியில நீ ஒரு நொடி நிப்பாட்டுவ, நானும் நிப்பாட்டுவேன். அதைக் கேட்டு இவங்க வருவாங்க."

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ரொம்ப நாளா."

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லா ஓடுற மெஷின எதுக்குத் திறக்கணும்?" என்றார் அவர். பிறகு, ஏதோ தன் தப்பு மாதிரி, "இப்பக் கண்ணாடி வேற போடல. நீ கைய தூக்கினியா இறக்கினியான்னே எனக்குத் தெரியல," என்றார்.

டீச்சர் குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கைப்பையைத் துழாவி இருமல் மருந்துப் பென்சிலை எடுத்தாள்.

"கண்ணாடியப் போடுங்க," என்றாள் கணவரிடம். இயக்குநரிடம் திரும்பி, "அவர் பாடுவாரு," என்றாள்.

"அம்மா, ஒலித்தூய்மை என்று ஒன்று..." என்று மப்ளர் தொடங்கினார்.

"சார், அந்த மூச்சு வேண்டாம்னா உங்க வரலாறு ஏழாம் பாகத்தோட முடிஞ்சிடுச்சுன்னு வச்சுக்கங்க. நாங்க வீட்டுக்குப் போறோம். எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

ஆறு நிமிடமும் தன் வாயாலேயே போயிற்று என்றுதான் நினைத்தாள். இயக்குநர் மப்ளரைப் பார்த்தாள். மப்ளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பெட்டி மேலிருந்து ஒலிப்பதிவாளர் எழுந்தார். மைக்கை இரண்டடி தள்ளி வைத்தார். அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"மூச்சு இருக்கட்டும். பாக்கப் போனா, இங்க சரியான நேரத்துக்கு வர்றது அது ஒண்ணுதான்."

டீச்சர் பென்சிலை உயர்த்தினாள். பின் வரிசையில், கிரீஸ் ரேகைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவள் கையையே பார்த்தன. முப்பது வருடத்தில் முதல் முறையாக அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. பஸ் கதவேதான், சந்தேகமே இல்லை. பதினேழு குரல்களும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தன.

தேன் என்று சொல்ல முடியாது. நான்கு அடி முடிவதற்குள் சுருதி ஒரு இழை இறங்கித்தான் இருந்தது. ஆனால் அவரை நம்பி ஏறிய பதினாறு பேரும் அவரோடு சேர்ந்தே, குலுங்காமல், ஒரே லிஃப்டில் இறங்கியதால் யாருக்கும் அடிபடவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியதுமே மப்ளர் கேமரா முன்னால் பாய்ந்தார். "கேட்டீர்களா! பாடலுக்கு முந்தைய அந்த மூச்சு! சொல் பிறக்கும் முன்னரே உயிர் தன்னை அறிவிக்கிறது!"

"சார், அதைத்தான் வேண்டாதது, களையணும்னு சொன்னீங்க," என்றாள் இயக்குநர்.

"களைவது வேறு, கண்டடைவது வேறு," என்று சொல்லிக் கழுத்து மப்ளரைச் சரிசெய்துகொண்டார் அவர்.

ஐந்து மாதம் கழித்து எட்டாம் பாகம் ஒளிபரப்பானது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டு உலகமே தூங்குகிற நேரம். தூங்கிவிடக் கூடாதென்று கொயர் ஆலயக் கூடத்தில் நாற்காலி போட்டு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது. மப்ளர் மலை மீது நடந்தார், கடலோரம் நடந்தார், ஒரு நூலகத்தில் ஏணி மீது ஏறினார். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

"நம்ம ஆறு நிமிஷம் எங்க அண்ணி?"

"வரும், இரு."

வந்தது. ஆறு நிமிடம் வழியில் எங்கேயோ உதிர்ந்து முக்கால் நிமிடமாகி வந்தது. டீச்சரின் முகமே இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு தோளும், பென்சில் பிடித்த கையும். பென்சிலில் இருமல் மருந்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு எதிரே பதினாறு தலைகள் புத்தகத்தில் கவிழ்ந்திருக்க, பின் வரிசையில் ஒரே ஒரு தலை நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அன்று சொன்னதை அவள் நம்பாமல் இல்லை. ஆனாலும் பார்ப்பது வேறு.

தொலைக்காட்சியில் லிஃப்ட்காரர் மூச்சை இழுத்தார். கூடமெங்கும் பஸ் கதவு திறந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பதினாறு பேரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் அவர்கள் வாய் அப்படித்தான். பெட்டிக்குள்ளே ஒரு கொயர், பெட்டிக்கு வெளியே ஒரு கொயர். பெட்டிக்குள்ளே இருந்தது சீக்கிரமே நின்று, மப்ளர் தன் நிறைவுரையைத் தொடங்கினார். அவர் வாய் அசைவது நன்றாகத் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளின் சாரத்தை அவர் என்னவென்று சொன்னார் என்பது அந்தக் கூடத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

முதல் அடி முடிந்து அவர்கள் நிறுத்தியபோது டீச்சர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்: தன் கை தானாகவே தோள் உயரத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அவசரமாகக் குரலைக் கடுமையாக்கினாள். "ஏங்க, ஊரு உலகமே பாத்திருக்கு. கண்ணாடியில அந்தக் கட்டைவிரல் ரேகை அப்படியே தெரியுது. ஒரு நாளாவது துடைச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?"

அதற்குப் பதில் சொல்ல அவர் மூச்சை இழுத்தார்.

பதினாறு பேரும் இரண்டாம் அடியைத் தொடங்கினார்கள்.